வைட்டமின் டி 9, ஈறில் ரத்தம்: பாக்கெட் பொடி குடித்தால் போதுமா, டீப் கிளீனிங் செய்தே ஆகணுமா?

செக்கிங் டேபிள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 44. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி எட்டுக்கு மேல்தான் வெளியே வருவேன். வெயிலை நான் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போதுதான்.

ஒரு வருடமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. பிரஷ் முரடு என்று நினைத்து மெதுவான பிரஷ் வாங்கினேன். அப்புறம் உப்பு, அப்புறம் கிராம்புத் தைலம். போன மாதம் மதிய இடைவேளையில் கொய்யாக்காய் கடித்துவிட்டு வாயைக் கையால் துடைத்தேன். அதே கையோடு ஒரு வெள்ளை டிசர்ட்டை எடுத்தேன், ரத்தக்கறை. கறை இருக்கிற பீஸைப் பிடித்துக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்ததில் மறுநாளே பல் டாக்டரிடம் போய்விட்டேன்.

அவர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, "மூணு, மூணு, அஞ்சு, நாலு, ஆறு" என்று சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பிள்ளை எழுதிக்கொண்டே வந்தது. நாங்கள் பீஸுக்கு மெஷர்மென்ட் எடுப்பது போலவேதான். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் சரியாம், அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிவிட்டது என்று அர்த்தமாம். எனக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் 6. எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, வலது பக்கம் ஒரு நாள், இடது பக்கம் ஒரு நாள் என்று ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யணும் என்றார்.

இதற்கு நடுவில் கால் வலிக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. இதைக் கேட்டதும் என் கொழுந்தனார், "அண்ணி, டி குறைஞ்சதாலதான் ஈறு கெட்டுது. பாக்கெட் பொடி எட்டு வாரம் குடிங்க, ஈறு தானா ஒட்டிக்கும். சுத்தம் பண்றதெல்லாம் காசு புடுங்குற வேலை" என்று ஒரு வீடியோவும் அனுப்பினார். அம்மா இன்னொரு பக்கம், "மிஷின் வெச்சாப் பல்லு ஆட ஆரம்பிச்சுரும், உங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பொடி குடிப்பதுதான் பிடித்திருக்கிறது. வாய்க்குள் ஊசி என்றாலே கை நடுங்குகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. டி குறைந்தால் ஈறு கெடுமா? கெடும் என்றால் பொடியால் சரியாகுமா? இரண்டும் செய்யணும் என்றால் எதை முதலில் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மருந்துக்கடை மாமா எழுதியது:

அம்மணி, ஈறைப் பற்றி எனக்குத் தெரியாது. பொடியைப் பற்றித் தெரியும், 26 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன்.

அந்தப் பாக்கெட் ஒன்றில் 60,000 யூனிட் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்றுதான் டாக்டர்கள் எழுதுவார்கள், பெரும்பாலும் எட்டு வாரம். இதைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் நாற்பது நாள் தினமும் பாலில் கலக்கிக் குடித்தார். சத்துதானே, கூடினால் என்ன என்று நினைத்திருக்கிறார். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி. ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தார். இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், கூடுதலானதைச் சிறுநீரில் வெளியே தள்ளிவிட முடியாது. கிட்னியில் கல் வந்திருந்தால் எழுதிக் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு எடுங்கள்.

இன்னொன்று. லேப் அறிக்கையில் 30-க்குக் கீழே எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டுப் பயமுறுத்துவார்கள். 2011-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 20 இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்றது. அதே வருடம் ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி 30 வேணும் என்றது. 2024-ல் அந்தச் சொசைட்டியே அந்த 30-ஐக் கைவிட்டு, நன்றாக இருக்கிறவர்கள் சும்மா டெஸ்ட் எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 22, 24 என்று வந்ததற்கெல்லாம் பயந்து என் கடைக்கு ஓடி வந்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் உங்கள் 9 எந்தக் கணக்கிலும் குறைவுதான். அதை விடாதீர்கள்.


பல்லவன் எழுதியது:

பெயரைப் பார்த்து ராஜ வம்சம் என்று நினைக்க வேண்டாம், பல் வைத்தியன். ஈறு நோய்தான் என் மேல்படிப்பு.

உங்கள் கொழுந்தனார் சொன்னதில் முதல் பாதியில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நாடு முழுவதும் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதிலிருந்து 11,000 பேருக்கு மேல் எடுத்து, ரத்தத்தில் இருந்த டி அளவையும் ஈறின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் டி குறைந்தவர்களுக்கு ஈறு பல்லை விட்டு அதிகம் இறங்கியிருந்தது. அடுத்த வருடம் அதே ஆட்கள், புகைப் பழக்கமே இல்லாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களை டி அளவின்படி ஐந்து கூறாகப் பிரித்தால், மேல் கூறில் இருந்தவர்களுக்குக் கீழ்க் கூறைவிட ரத்தம் கசியும் இடங்கள் 20 சதவீதம் குறைவு.

காரணமும் யூகிக்கக்கூடியதுதான். நம் உடம்பே தயாரிக்கும் கிருமிநாசினிப் புரதம் ஒன்று உண்டு, கேத்தலிசிடின் என்று பெயர். அதைச் செய்யச் சொல்லிச் செல்லுக்குள் உத்தரவு போடுவதில் வைட்டமின் டி-க்குப் பங்கு இருக்கிறது என்று 2006-ல் தெளிவானது. அந்தப் புரதம் இல்லாமல் போனால் ஈறு என்ன ஆகும் என்பதற்கு ஓர் அபூர்வ நோயைப் பார்க்கலாம். கோஸ்ட்மேன் நோய் என்பார்கள், ஸ்வீடனில் முதலில் கண்டது. இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வகை வெள்ளை அணு பிறவியிலேயே மிகக் குறைவு. மருந்து கொடுத்து அணுக்களின் எண்ணிக்கையைச் சரி செய்த பிறகும் ஈறு நோய் விடவில்லை. ஏன் என்று தேடினால், அந்த அணுக்களுக்குள் இந்தப் புரதம் இல்லை. நான் படிக்கும்போது இதை வாசித்துவிட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம், அங்கேதான் கொழுந்தனாரோடு எனக்குச் சண்டை. டி குறைவும் ஈறு நோயும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்றுதான் இன்னொன்றைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய், உடல் பருமன், புகை, வீட்டுக்குள்ளேயே முடங்கிய வாழ்க்கை, இதில் எது இருந்தாலும் இரண்டுமே சேர்ந்து வரும். தலைகீழாகவும் நடக்கலாம். உடம்பில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் டி அளவு இறங்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளிலேயே அது இறங்கியதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அந்த இரண்டு நாளில் வெயிலுக்குப் போகாததாலா இறங்கியது?

கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. பாஸ்டனில் 65 வயது தாண்டிய 145 பேரில் ஒரு பிரிவுக்குக் கால்சியமும் டி-யும், மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் மூன்று வருடம் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஒரு பல்லாவது விழுந்தது, மற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கு. நல்ல செய்திதான், ஆனால் அந்த ஆய்வே எலும்புக்காக நடத்தியது. கால்சியமும் சேர்ந்தே போயிருக்கிறது, புண்ணியம் யாருக்கு என்று பிரிக்க முடியாது.

உங்கள் "எது முதலில்" கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரான பதில் மிச்சிகனில் இருந்து 2011-ல் வந்தது. ஈறு மோசமாகி ஆபரேஷன் வரை போன 40 பேர். அவர்களில் எலும்பு வளர்க்கும் ஊசி மருந்து போடாத பிரிவில், ஆபரேஷன் நாளில் டி குறைவாக இருந்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் பலன் மற்றவர்களைவிடக் குறைவு. ஆபரேஷனை ஒட்டிக் கொடுத்த டி அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. 40 பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத மாட்டேன். ஆனால் ஆபரேஷன் என்று வந்தால் அதற்கு முன்பே டி-யைச் சரி செய்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உங்களுக்கு இப்போது சொன்னது ஆபரேஷன் இல்லை, சுத்தம்தான். அதற்காக எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பொடியையும் தொடங்குங்கள், நாற்காலியிலும் உட்காருங்கள். ஈறுக்கு அடியில் கல்லாகிப்போன காரையை எந்த வைட்டமினும் கரைக்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்கணும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பெரியம்மாவின் பல் சுத்தம் செய்ததால் ஆடவில்லை. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை அந்தக் காரை சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. சர்க்கரை பார்த்தீர்களா? பிரஷர் மாத்திரை ஏதாவது உண்டா? அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளுக்கு ஈறு வீங்கும்.


வேப்பங்குச்சி எழுதியது:

எங்கள் தாத்தா காலத்தில் டி-யும் இல்லை, டீப் கிளீனிங்கும் இல்லை. வேப்பங்குச்சி, காட்டில் வெயில், கம்பங்கூழ். எல்லோருக்கும் பல் இரும்பு மாதிரி இருந்தது. தினமும் காலை ஆறு மணி வெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள் சகோதரி, எல்லாம் சரியாகும்.


பல்லவன் எழுதியது:

உங்கள் தாத்தாவுக்கு இருந்திருக்கலாம். என் தாத்தா அறுபது வயதில் முறுக்கை உரலில் இடித்துச் சாப்பிட்டார். பாட்டி வெற்றிலை உரலைத் தர மாட்டேன் என்று போட்ட சண்டை ஊருக்கே தெரியும்.

காட்டில் வெயில் என்றீர்களே, அது சரி. ஆனால் காலை ஆறு மணி வெயிலில் டி கிடைக்காது. தோலில் டி உண்டாக்கும் கதிர் சூரியன் சாய்ந்திருக்கும்போது தரைக்கு வந்து சேர்வதே இல்லை. திருப்பதியில் அளந்து பார்த்ததில் பதினொன்று முதல் இரண்டு மணி வரைக்குள்தான் நன்றாகக் கிடைக்கிறது என்று வந்தது. எளிய கணக்கு, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கணும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தாலும் கிடைக்காது. நம் கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிட நேரமும் அதிகம் வேண்டும். உழவர்கள் உச்சி வெயிலில் குனிந்து நின்றார்கள், முதுகெல்லாம் வெயில்.


செக்கிங் டேபிள் எழுதியது:

டாக்டருங்க, மாமாங்க, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

ஒன்றுதான் இன்னொன்றைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே லாட்டில் எண்ணெய்க்கறையும் ஊசி ஓட்டையும் சேர்ந்து வரும். புதிதாக வந்த பிள்ளைகள் கறைதான் துணியை அரித்து ஓட்டை போட்டது என்று எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ஓவர்லாக் மிஷின், எண்ணெயும் கசிகிறது, ஊசி முனையும் மழுங்கியிருக்கிறது. கறையைத் துவைத்துக் கொடுத்தால் ஓட்டை அடைபடுமா? கொழுந்தனாரிடம் இதைத்தான் சொன்னேன். "நீங்க எதுக்கெடுத்தாலும் கம்பெனிக் கதைக்கு வந்துருவீங்க அண்ணி" என்று போனை வைத்துவிட்டார்.

பிரஷர் மாத்திரை எதுவும் இல்லை. சர்க்கரையும் எனக்கு இல்லை டாக்டர், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான். நான் டீக்கே சர்க்கரை குறைவாகத்தான் போடுவேன்.

வர்ற வெள்ளிக்கிழமை வலது பக்கம் சுத்தம் செய்ய நேரம் வாங்கிவிட்டேன்.


பல்லவன் எழுதியது:

அப்பாவுக்கு இருக்கிறது, உங்களுக்கு 44 வயது, ஈறில் 6 மில்லிமீட்டர். இதற்கு மேல் எனக்கு என்ன வேணும்? டீயில் போடும் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு ஆறாது. ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரையும் கட்டுக்கு வர அடம்பிடிக்கும். டி-யைவிட இந்தத் தொடர்புக்கு ஆதாரம் பல மடங்கு கெட்டி.


செக்கிங் டேபிள் எழுதியது (நான்கு மாதம் கழித்து):

நிறைய பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

ஹெச்பிஏ1சி 7.9. டாக்டர் சொன்ன மறுநாளே எடுத்தேன், அறிக்கையைப் பார்த்துவிட்டு லேப் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இல்லை என்று இங்கே எழுதின கைதானே இது. பொது மருத்துவரிடம் போய் மாத்திரை தொடங்கியாச்சு. அவரே டி பொடியும் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை மாமா சொன்னபடி ஞாயிறு மதியம் குழம்புச் சாப்பாட்டோடு குடித்தேன், மறக்காமல் இருக்கக் காலண்டரில் சுழித்து வைத்தேன்.

சுத்தம் செய்தது இரண்டு வெள்ளிக்கிழமை. ஊசி எறும்பு கடித்த மாதிரிதான். அதற்குப் பயந்து ஒரு வருடம் உப்பை வைத்துத் தேய்த்திருக்கிறேன். வலியைவிடச் சத்தம்தான் பெரிசு, ஈறுக்கு அடியில் கரகரவென்று பானை அடி சுரண்டுகிற மாதிரி. எடுத்த காரையை டாக்டர் பஞ்சில் வைத்துக் காட்டினார், கறுப்பாக, சின்னச் சின்னத் துணுக்காக. அதைப் பார்த்த பிறகு பொடி குடித்து இது கரைந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

மூன்றாம் மாதம் மறுபடி அளந்தார். 5 இருந்த இடமெல்லாம் 3. இடது கடைவாயில் 6 இருந்தது 4. வலது கடைவாயில் மட்டும் 6 அப்படியே நிற்கிறது. அளக்கும்போது ரத்தம் வந்த இடங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. டி 34. ஹெச்பிஏ1சி 6.9.

இதில் எது ஈறுக்குப் பலன் கொடுத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் காரை எடுத்தேன், சர்க்கரை மாத்திரை, டி பொடி, பல் இடுக்குக் குட்டிப் பிரஷ் எல்லாம் தொடங்கினேன். மிஷினில் ஊசி, நூல், எண்ணெய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று கேட்கிற கதைதான். கொழுந்தனார் பொடிதான் என்கிறார். பல் டாக்டர், காரையும் சர்க்கரையும் பெரிய பங்கு, டி-க்குச் சின்னப் பங்கு இருந்தால் சந்தோஷம் என்கிறார். கால் வலி போனது மட்டும் பொடியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அதையும் சத்தியம் பண்ண மாட்டேன்.

கஷ்டத்தையும் சொல்லணும். ஈறு வீக்கம் வற்றினதும் கீழ் முன்பற்களுக்கு நடுவே இடுக்கு தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் ஒரு மாதம் சுருக்கென்று இருந்தது. அம்மா இடுக்கைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். ஆனால் ஒரு பல்கூட ஆடவில்லை, ஆட்டிக் காட்டினேன்.

வெயில்தான் இன்னும் ஒழுங்காகவில்லை. மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனி மொட்டை மாடிக்குப் போகிறேன், வாரத்தில் நான்கு நாள். கூட இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கறுத்துப்போயிருவோம் அக்கா என்று ஒன்று மூன்றாம் நாளே நின்றுவிட்டது.

வலது கடைவாய்க்கு ஈறைத் திறந்து செய்கிற ஃபிளாப் ஆபரேஷன் தேவைப்படலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார், அடுத்த அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். இப்போது தீபாவளி ஆர்டர், ஞாயிறும் வேலை. போனஸ் வந்த பிறகு தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், அதுவரை தள்ளலாம், ஆனால் சர்க்கரையை 7-க்கு மேல் விடக்கூடாது என்றார். பல்லவன் டாக்டர், தை வரைக்கும் தள்ளினால் ஒன்றும் ஆகாதுதானே? இடையில் டி மறுபடி இறங்காமல் இருக்க மாதம் ஒரு பாக்கெட் போதுமா என்றும் சொல்லுங்கள்.


பல்லவன் எழுதியது:

தை வரைக்கும் பொறுக்கும், குட்டிப் பிரஷை ஒரு நாளும் விடக்கூடாது. அந்தக் கடைவாய்க்குக் கொஞ்சம் பெரிய அளவு பிரஷ் கேளுங்கள், ஒரே அளவு எல்லா இடுக்குக்கும் பொருந்தாது. மாதம் ஒரு பாக்கெட் வழக்கம்தான், ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டியவர் உங்கள் பொது மருத்துவர். ஆபரேஷன் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் இரண்டு அளவையும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள், டி-யும் சர்க்கரையும்.

மாடிக்கு வராமல் நின்ற அந்தப் பிள்ளைக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்று கேட்டீர்களா?


செக்கிங் டேபிள் எழுதியது:

கேட்டேன் டாக்டர். வருகிறதாம். பிரஷ் முரடு என்கிறது.